ஐந்து சென்ட் வீட்டுப்பண்ணையில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஐந்து சென்ட் மனை என்பது 2,178 சதுர அடி. அதில் 300, 400 சதுர அடிக்குள் ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு, எஞ்சிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள், இரண்டு வெள்ளாடுகள், நாலைந்து காய்கறிப் பாத்திகள், கழிவுநீர் போய்ச் சேரும் இடத்தில் இரண்டு வாழை என்று வைத்திருப்பவர்களுக்காக இவ்வழிமுறை எழுதப்படுகிறது. ஏக்கர் கணக்கில் நிலம் உள்ள பண்ணையில், கொட்டிலில் தோன்றும் கோளாறுக்குக் காரணத்தைப் பெரும்பாலும் அந்தக் கொட்டிலிலேயே கண்டுபிடித்துவிடலாம். இவ்வளவு நெருக்கமான இடத்தில் அப்படி நடப்பதில்லை; குஞ்சுகளின் கழிச்சலுக்குக் காரணம் சமையலறைத் தண்ணீரிலும், தக்காளி காய்க்காததற்குக் காரணம் கோழிக்கூட்டிலும், ஆட்டின் தாடை வீக்கத்துக்குக் காரணம் வாழைக்குழியிலும் இருக்கக்கூடும். எனவே எந்த அறிகுறியாக இருந்தாலும், மருந்துக்கடைக்குப் போகுமுன் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எரு எங்கே கொட்டப்படுகிறது, தீனி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும்.

முதலில்: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் இறந்தாலோ, ஆடு திடீரென விழுந்து மூச்சுத் திணறினாலோ, வயிறு மத்தளம்போல் ஊதி ஆடு படுத்துக்கொண்டாலோ, கருச்சிதைவு ஏற்பட்டாலோ மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, 1962 என்ற கால்நடை மருத்துவ ஊர்தி எண்ணையோ அழைக்க வேண்டும். இறந்த ஆட்டின் மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவோ, தோலுரிக்கவோ, இறைச்சியாக்கவோ கூடாது, ஏனெனில் அந்நோய் மனிதருக்கும் தொற்றும். கருச்சிதைவான குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது.

கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது

இதில் பாதிக்குமேல் கோளாறே அல்ல. நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் 10 முதல் 15 முட்டைகள் வரை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடைகாத்து, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை என்பதே அதன் இயல்பு. கூட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொக்கரிக்கும் கோழிக்கு மருந்து எதுவும் தேவையில்லை. குஞ்சு வேண்டாமென்றால் அடியில் கம்பிவலை உள்ள, காற்றோட்டமான கூண்டில் மூன்று நான்கு நாள் தனியே விட்டால் போதும்; அடைச்சூடு தணிந்துவிடும். மூக்கில் இறகைச் செருகுவது, தண்ணீரில் முக்கி எடுப்பது போன்ற பழைய வழக்கங்கள் கோழியை வதைப்பதற்கு மேல் எதையும் சாதிப்பதில்லை.

கோழி அடைக்கும் உட்காரவில்லை, இறகும் உதிர்க்கவில்லை என்றால் காலத்தைப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும், இறக்கைகளை உடலிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்ளும், தீனி எடுப்பதைக் குறைக்கும். அப்படி இடைவிடாது மூச்சிரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைவதால் முட்டை ஓடும் மெலிகிறது. தகரக்கூரையாக இருந்தால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பி, தீனியை விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் மட்டும் வைத்து, மண்பானையில் தண்ணீர் நிரப்பி நிழலில் வைக்க வேண்டும். பகல் நேரம் குறையும் மார்கழியில் முட்டை குறைவதும் இயல்பே. விளக்குப் போட்டு வெளிச்ச நேரத்தை நீட்டிப்பது வணிகப் பண்ணை முட்டைக்கோழிக்குப் பயன் தரும். பத்து நாட்டுக்கோழிக்காக அதைச் செய்வது வீண்செலவு என்பது என் கருத்து.

ஓடு மெலிந்தோ தோல்முட்டையாகவோ வந்தால் சுண்ணாம்புச் சத்துப் பற்றவில்லை என்று பொருள். கிளிஞ்சலை உடைத்து, தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால், முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவைத் தானே கொத்திக்கொள்ளும்; சேவலும் குஞ்சும் அதை வீணாக விழுங்கமாட்டா.

வெயிலும் இல்லை, அடையும் இல்லை, ஓடும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மழைக்காலத்தில் எல்லாக் கோழிகளும் ஒருசேர முட்டையைக் குறைத்து, சோர்ந்து, எடை இழந்தால் தீனி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூட்டையின் அடியில் மக்காச்சோளமோ கடலைப் புண்ணாக்கோ கட்டிப்பட்டுப் பச்சையாகப் பூத்திருந்தால், அந்தப் பூசணத்தின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். கட்டியை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு மிச்சத்தைக் காயவைத்துப் போடுவதால் பயனில்லை, ஏனெனில் அந்நஞ்சு வெயிலுக்கோ கொதிக்கும் நீருக்கோ அழிவதில்லை. வாத்து வளர்ப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; கோழி தாங்கும் அளவைக்கூட வாத்து தாங்காது.

கோழியின் எச்சம் மாறியிருக்கிறது

எச்சத்தின் நிறத்தைக் காலையில் கூட்டைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். வெளியே மேய்ந்த பிறகு பார்த்தால் தின்ற கீரையின் நிறமும் கலந்து குழப்பும்.

வெள்ளையும் பச்சையும் கலந்து நீராகக் கழிந்து, கோழி கழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஓரமாக நின்று, மூச்சில் கரகரப்பும், ஓரிரு நாளில் கழுத்து முறுக்கிக்கொள்வதும் காணப்பட்டால் அது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்க வாய்ப்பு மிகுதி. இது நச்சுயிரியால் வருவது. வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் சீரகமும் கொடுத்துப் பிழைத்தது என்று சொல்லப்படும் கோழிக்கு வந்தது வேறு கழிச்சலாக இருந்திருக்கும். தடுப்பூசி மட்டுமே வழி: 7ஆம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கடியில் ஆர்.2.பி. ஊசி. கடைசி ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இருவார முகாமில் கோழிகளுக்கு இத்தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது; சந்தையில் புதுக்கோழி வாங்குபவர்கள் அதற்கு முந்தைய மாதத்தில் வாங்காமல், முகாமுக்குப் பிறகு, தடுப்பூசி போட்ட வீட்டில் வாங்குவது நல்லது. எங்கு வாங்கினாலும் இரண்டு வாரம் தனியே அடைத்து வைக்காமல் பழைய கோழிகளோடு விடக்கூடாது. இறந்த கோழியைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

எச்சம் இரத்தமாகவோ செங்கல் நிறமாகவோ இருந்து, அதுவும் மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளிடம் மட்டும் இருந்தால் அது இரத்தக் கழிச்சல். இதற்கு மருந்து உண்டு. ஆம்புரோலியம் கலந்த தண்ணீரை மருத்துவர் சொல்லும் அளவில் ஐந்து முதல் ஏழு நாள் கொடுத்தால் பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடும். ஆனால் மருந்தோடு நிறுத்தினால் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கும் வரும். எச்சத்தில் வெளியேறும் அந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கு ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால், ஒன்றிரண்டு நாளிலேயே அது தொற்றக்கூடிய நிலைக்கு முதிர்ந்துவிடும். காய்ந்த தரையில் முதிராது. ஆகவே குஞ்சுக்கூட்டுக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. சிறு மனைகளில் நான் பார்த்தவரை பாத்திரம் தேய்க்கும் கல்லிலிருந்து வழியும் தண்ணீர், கூட்டின் பின்சுவர் ஓரமாக ஊறி உள்ளே வருவதுதான் முதல் காரணம். கவிழ்ந்துபோகும் தண்ணீர்த்தட்டு இரண்டாவது.

ஈரத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆழ்கூளமாகப் போட்டிருக்கும் உமியிலோ கடலைத்தோலிலோ ஒரு பிடியை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். உடனே உதிர்ந்தால் சரியான பதம்; உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி; ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது, அது கோழியின் மூச்சுக்கு ஆகாது. உருண்டையாக நிற்கும் இடத்தில் கூளத்தை அள்ளி எருக்குழிக்கு அனுப்பிவிட்டு, புதுக் கூளத்தைப் போட்டு, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். கூட்டுக்குள் குனியும்போது கண் எரிந்தால் அதுவும் இதே ஈரத்தின் அறிகுறிதான்; மனிதரின் முகம் உணருமுன்பே தரையோடு நிற்கும் கோழியின் கண் அதை உணர்ந்திருக்கும். ஈ மொய்ப்பதற்கும் இந்த ஈரமே காரணம் என்பதால் அதற்குத் தனி மருந்து தேட வேண்டியதில்லை.

ஆட்டின் இடப்பக்க வயிறு ஊதியிருக்கிறது

ஆட்டின் பின்னால் நின்று பார்த்தால், இடுப்பு எலும்புக்கு முன்னால் இடப்பக்கத்தில் இருக்கும் பள்ளம் நிரம்பி மேடாகியிருக்கும். விரலால் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் கேட்கும். என்ன தின்றது என்பதை முதலில் அறிய வேண்டும், ஏனெனில் முதலுதவி அதைப் பொறுத்தே மாறும்.

மழைக்குப் பின் தளதளவென்று வளர்ந்த குதிரைமசாலையோ காராமணிக் கொடியையோ ஈரத்தோடு வயிறு முட்டத் தின்றிருந்தால் நுரை கட்டிக்கொண்டு காற்று வெளியேறாமல் நிற்கும். 50 முதல் 100 மி.லி. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாயின் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்டி, முன்னங்கால்கள் உயரமாக இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, மெதுவாக நடத்த வேண்டும். தலையை அண்ணாக்கப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். ஊதல் தீர்ந்தாலும் ஆடு அதனால் இறக்கும். அரை மணி நேரத்தில் தணியவில்லையெனில் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சோறு, கஞ்சி, இட்லி மாவு, விருந்து வீட்டு மிச்சம், அல்லது கட்டவிழ்ந்த கோழித்தீனி மூட்டை ஆகியவற்றில் ஏதேனும் காரணமாக இருந்தால் நிலைமை வேறு. இங்கே வயிறு காற்றைவிடப் புளிப்பால் நிறைகிறது. ஊதல் குறைவாகத் தெரிந்தாலும் ஆபத்து மிகுதி. ஆடு தள்ளாடும், பல்லைக் கடிக்கும், புளித்த நாற்றத்துடன் கழியும். வளர்ந்த ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, எண்ணெயை நம்பிக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆட்டுக் கொட்டிலும் கோழித்தீனியும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் சிறு மனையில் இது எதிர்பார்க்க வேண்டிய விபத்து. தீனியை மூடி இறுகும் தகர டின்னில் போட்டு வைப்பதற்கு ஆகும் செலவு ஓர் ஆட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மிச்சச் சோற்றை ஆட்டுக்குப் போடுவதை அன்பு என்று நினைக்கும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

ஊதல் இல்லாமல், தின்ற சிறிது நேரத்தில் மூச்சு வாங்கி, வாயின் உட்புறம் செக்கச்சிவந்து, ஆடு துடித்து விழுந்தால் அது சயனைடு நஞ்சு. பூக்கும் முன் உள்ள இளஞ்சோளப் பயிர், வறட்சியில் வாடி மழைக்குப் பின் மறுபடி துளிர்த்த சோளம், பச்சை மரவள்ளி இலை, கிழங்கின் தோல் ஆகியவை இதைச் செய்யும். இதற்கு முறிமருந்தை ஊசியாகப் போட வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது மருத்துவரை விரைந்து அழைப்பது மட்டுமே. வேலிக்கு அழகாக அரளி நட்டிருந்தால் ஆடு வாங்குமுன் அதை வேரோடு எடுத்துவிட வேண்டும்.

ஆட்டின் தாடைக்கடியில் வீக்கம்

மாலையில் மேய்ந்து திரும்பும்போது தாடைக்குக் கீழே நீர்ப்பை தொங்குவதுபோல் இருக்கும். இரவு தலையை உயர்த்திப் படுத்துவிட்டு எழுந்தால் காலையில் வற்றியிருக்கும். ஆகையால் காலையில் மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இது தாடையில் வந்த நோயன்று; குடற்புழு இரத்தத்தை உறிஞ்சிவிட்டதால் உடலில் புரதம் குறைந்து, நீர் கீழே இறங்கி நிற்கிறது. உறுதி செய்துகொள்ள வெளிச்சத்தில் ஆட்டின் கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். நன்கு சிவந்திருந்தால் கவலையில்லை. வெளிறிய ரோசா நிறமென்றால் புழு நீக்க வேண்டும். காகிதம்போல் வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்தப் புழு என்பதைப் பொறுத்து மருந்து மாறும் என்பதால், புழுக்கையை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் சென்று மருந்தகத்தில் சோதித்துக்கொள்வது சிறந்தது. சினையாக இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அல்பெண்டசோல் போன்ற மருந்தைச் சினையின் தொடக்கத்தில் கொடுக்கக் கூடாது.

மருந்து கொடுத்தும் சில வாரங்களில் வீக்கம் திரும்பினால் புல் எங்கிருந்து அறுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கழிவுநீர் பாயும் வாழைக்குழியைச் சுற்றிப் புல் செழிப்பாக வளரும்; அதே ஈரத்தில் நத்தையும் வாழும்; தட்டைப்புழு அந்த நத்தையில் வளர்ந்து புல்லில் ஏறிக்கொள்ளும். உருண்டைப்புழுவின் இளம்பருவமும் பனி ஈரத்தில் புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். ஆகவே வாழைக்குழிப் புல்லை ஆட்டுக்குப் போடாமல் மட்குக்குழிக்கு அனுப்பிவிட்டு, மற்ற இடத்துப் புல்லைப் பனி காய்ந்த பிறகு, தரையிலிருந்து நாலு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். இன்னும் நல்லது, வேலியிலேயே அகத்தியும் கிளைரிசிடியாவும் மல்பெரியும் நட்டு, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுத் தின்னவிடுவது. சவுண்டலை மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடக் கூடாது. அளவு மிஞ்சினால் ஆட்டுக்கு முடி கொட்டும்.

செடி தழைக்கிறது, காய்க்கவில்லை

தக்காளியும் கத்தரியும் கரும்பச்சையாகக் கொழுத்து வளர்ந்து, பூ வராமலோ வந்த பூ உதிர்ந்தோ நின்றால் கோழி எருவைச் சந்தேகிக்க வேண்டும். பச்சைக் கோழி எச்சத்திலுள்ள தழைச்சத்து மிக விரைவில் கிடைத்துவிடுவதால் செடி இலையிலேயே தன் சத்தைச் செலவிடுகிறது. அளவு மேலும் கூடினால் இலை ஓரம் கருகி வேர் வெந்துபோகும். எச்சம் கலந்த கூளத்தை ஆட்டுப் புழுக்கை, காய்ந்த சருகு ஆகியவற்றோடு குவித்து, ஈரம் காத்து, பதினைந்து நாளுக்கொருமுறை புரட்டி, இரண்டு மூன்று மாதம் மட்கவிட வேண்டும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியாமல், மண்வாசனை வந்தால் எடுத்துப் போடலாம். கொத்தமல்லி, புதினா போன்று பச்சையாகத் தின்னும் கீரைகளுக்குப் பச்சை எருவை எந்நிலையிலும் போடக் கூடாது.

எரு சரியாக இருந்தும் கோடையில் தக்காளிப் பூ உதிர்ந்தால் அது இரவு வெப்பத்தால் நேர்வது. ஆடிப் பட்டத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கொடிவகைகளில் முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டுமே வருவது இயல்பு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். அது மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. பூசணிக்கும் பாகலுக்கும் காலையிலும், மாலையில் மலரும் சுரைக்கும் பீர்க்கைக்கும் பொழுது சாய்ந்த பிறகும், ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவிவிட வேண்டும்.

மிளகாய் இலை சுருள்கிறது

இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை கரும்பச்சையானால் சிலந்திப்பூச்சி. இலை சிறுத்து, தடித்து, நரம்பு மஞ்சளாகி, செடியே குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. முதலாவதை உறுதி செய்ய, நுனிக் கொழுந்தை ஒரு வெள்ளைத்தாளின்மீது தட்டினால் மயிரிழை போன்ற மஞ்சள் பூச்சிகள் ஓடுவது தெரியும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கி வேண்டும். இலைப்பேனுக்கு ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு ஏற்றது: லிட்டருக்கு 50 கிராம் கொட்டையை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். சிலந்திப்பூச்சி மிகுந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும். மூன்றாவதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் உயரத்துக்குச் சற்று மேலே கட்டி வெள்ளை ஈயைக் குறைக்க வேண்டும்.

கடையில் வாங்கிய பூச்சிமருந்தை எப்போதாவது தெளித்தால், அந்தப் பாத்தியின் களையையும் கழித்த இலையையும் அன்றாடப் பழக்கத்தில் கோழிக்கூட்டுக்குள் வீசிவிடக் கூடாது. தெளித்த நாளைக் கூட்டின் கதவில் எழுதி வைப்பது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் நினைவூட்டும்.

கத்தரியில் நுனி மட்டும் தொங்கினால் தண்டுத் துளைப்பான். வாடிய நுனியை ஒரு விரல் நீளம் கீழே கிள்ளினால் உள்ளே புழு இருக்கும். கிள்ளியதைக் கோழிக்கே போடலாம்.

முட்டையும் குஞ்சும் காணாமல் போகின்றன

ஓட்டுத் துண்டு கூட்டிலேயே கிடந்து, கோழிகளின் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் தின்பது கோழிதான். கூட்டை இருட்டாக்கி, முட்டையை நாளுக்கு இருமுறை எடுத்து, கிளிஞ்சலை வைக்க வேண்டும். ஓடே இல்லாமல் முழு முட்டை மறைந்தால் பாம்பையும், கோழி தலையில்லாமல் கிடந்தால் மரநாயையோ கீரியையோ எண்ணலாம். அறுகோணக் கோழிவலையின் கண் வழியாகச் சாரைக்குட்டி புகும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை அரை அங்குலக் கம்பிவலை அடித்து, அதன் அடிப்பகுதியை அரையடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். எலிக்கு நஞ்சு வைக்கக் கூடாது. நஞ்சு தின்று செத்த எலியை முதலில் கண்டுபிடிப்பது கோழியாகத்தான் இருக்கும். இரவில் தீனித்தட்டை எடுத்து வைத்துவிட்டு, எலிப்பொறியைக் கூட்டுக்கு வெளியே சுவரோரமாக வைப்பது போதும்.